‘தண்ணியில கண்டம்’: கடலில் பல மணி நேரம் நீந்துபவரை யார் பார்த்துக்கொள்வது?

ஜாசின், மெர்லிமாவ், ஆசஹான் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. "உனக்குத் தண்ணியில கண்டம், ஆத்துப் பக்கம் போகாதே." ஜாதகம் பார்த்துச் சொன்னார்களோ, சும்மா பயமுறுத்தினார்களோ தெரியாது. ஆனால் பயத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக் குட்டை, ஆறு, நீர்வீழ்ச்சி எதிலும் லைஃப்கார்டு கிடையாது. முறையாக நீச்சல் கற்றுக்கொடுக்கவும் ஆள் கிடையாது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நீச்சல் குளத்தில் பழகி, ட்ரையத்லான் பக்கம் போய், அதற்கப்புறம் "கடலில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். திரெங்கானுவில் காப்பாஸ் தீவிலிருந்து மாராங் கரை வரையிலான 6.5 கிலோமீட்டர் நீச்சல் பலருக்கு முதல் பெரிய இலக்கு.

எப்படிப் பயிற்சி எடுப்பது என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. படகில், கயாக்கில், கரையில் நிற்கப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை. கடலில் நீந்துபவர் உயிரோடு திரும்புவது பல நேரம் அந்த ஆளைப் பொறுத்தது. அதனால் இந்தக் கட்டுரையில் நீந்துபவரை விட அவர் நண்பருக்குத்தான் வேலை அதிகம்.

ஃபுஜைராவில் நடந்தது என்ன?

2010 அக்டோபர் 23. ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டி. அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் அதில் கலந்துகொண்டார். வயது 26. பயிற்சியிலோ அனுபவத்திலோ எந்தக் குறையும் இல்லாத, உலகத் தரத்து நீச்சல்காரர்.

போட்டி முடிந்து எல்லாரும் கரைக்கு வந்த பிறகு, அவருடைய நண்பரும் சக வீரருமான அலெக்ஸ் மேயர் சுற்றிப் பார்த்தார். கிரிப்பன் இல்லை. ஏற்பாட்டாளர்கள் கவனிப்பதற்கு முன்பே, கூட நீந்திய ஒருவர் தலை எண்ணிப் பார்த்ததால்தான் தேடலே தொடங்கியது. ஏறக்குறைய 2 மணி நேரம் கழித்து, கடைசி மிதவைக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் உடல் கிடைத்தது.

அன்று கடல் நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அதற்கப்புறம்தான் உலக நீச்சல் அமைப்பு 31 டிகிரி என்ற உச்ச வரம்பைக் கொண்டுவந்தது. தண்ணீர் அதற்கு மேல் சூடாக இருந்தால் போட்டி நடத்தக் கூடாது.

சரி, மலாக்கா நீரிணையின் வெப்பம் எவ்வளவு? ஆண்டு முழுக்க ஏறக்குறைய 28-லிருந்து 31 டிகிரி வரை. நண்பகலில், கரையோர ஆழமற்ற பகுதியில், இன்னும் கூடும். அதாவது நம் கடல் அந்த வரம்பை ஒட்டியே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம் ஆட்கள் இதில் புதுசா?

இல்லவே இல்லை. 1954-இலேயே யாழ்ப்பாணத் தமிழர் மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து தமிழ்நாட்டின் கோடியக்கரை வரை பாக்கு நீரிணையை 27 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1971-இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வழக்கறிஞர் வி. எஸ். குமார் ஆனந்தன் அந்த நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். 51 மணி நேரம். தமிழர்கள் அவரை ‘ஆழிக்குமரன்’ என்று அழைத்தார்கள். அந்த 51 மணி நேரச் சாதனை சரியாக அரை நூற்றாண்டு நின்றது. 2021-இல்தான் இலங்கை விமானப் படையைச் சேர்ந்த ரோஷன் அபேசுந்தர 28 மணி 19 நிமிடத்தில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பி அதை முறியடித்தார்.

தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 1994-இல், பதின்ம வயதைத் தொடும் நேரத்தில், பாக்கு நீரிணையும் ஆங்கிலக் கால்வாயும் உட்பட ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். 2019 மார்ச்சில் தேனியைச் சேர்ந்த 10 வயது ஜெய் ஜஸ்வந்த், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் பத்தரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். 2022 மார்ச்சில் ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் அதே வழியில் 13 மணி 10 நிமிடம் நீந்தினார். விடியற்காலை 4.22-க்கு இறங்கி, மாலை 5.32-க்குக் கரையேறினார்.

மலேசியாவில் டத்தோ அப்துல் மாலிக் மைடின் 2003-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் மலேசியர் ஆனார். 17 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் இருந்தார். ஹெய்டி கான் 2012, 2016 ஒலிம்பிக்கின் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலில் நம் கொடியோடு கலந்துகொண்டார்.

இந்தப் பட்டியலை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. குமார் ஆனந்தனின் கதை 1984 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயில் முடிந்தது. 51 மணி நேரம் வெதுவெதுப்பான பாக்கு நீரிணையில் தாக்குப்பிடித்த மனிதர், ஐரோப்பாவின் கடலில் நீந்த முயன்றபோது உயிரிழந்தார். அந்தக் கால்வாயில் கோடைக்காலத்தில்கூட தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான். ஒரு கடலில் பெற்ற அனுபவம் இன்னொரு கடலில் அப்படியே உதவாது. இது இரண்டு திசையிலும் உண்மை. குளிர் கடலுக்காக எழுதிய அறிவுரைகளை மலாக்காவில் அப்படியே பின்பற்றுவதும் ஆபத்துதான்.

குளிர் நாட்டு டிப்ஸ் இங்கே ஏன் சரிப்படாது?

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் ஆங்கிலக் கால்வாயை மனதில் வைத்து எழுதியவை. சூடான பானம் கொடு, உடம்பில் கொழுப்புப் பூசு, நடுக்கம் வருகிறதா பார் என்று போகும். அங்கே எதிரி குளிர். இங்கே எதிரி சூடு.

தண்ணீருக்குள் இருக்கும்போதும் வியர்க்கும். தெரியாது, அவ்வளவுதான். ஓடும்போது வியர்வை காற்றில் ஆவியாகி உடலைக் குளிர்விக்கும். தண்ணீரில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சுற்றியிருக்கும் நீர் நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் உள்ளே உற்பத்தியாகும் சூடு வெளியே போகும். தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால், வேகமாக நீந்தும் உடலின் சூடு போக இடமில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

அப்படியென்றால் என்ன செய்வது? பானத்தை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றச் சொல்லுங்கள். தடித்த சிலிக்கான் தொப்பி சூட்டைப் பிடித்து வைக்கும், மெல்லியதே போதும். நீரில் உடல் மிதக்க உதவும் என்று வெட்சூட் போடும் யோசனையை மறந்துவிடுங்கள். 20 டிகிரிக்கு மேல் அதிகாரப்பூர்வப் போட்டிகளிலேயே அதற்கு அனுமதியில்லை. நீச்சலை விடியலுக்கு முன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பாருங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில்தான் ‘சுமத்ரா’ என்று சொல்லப்படும் புயல்காற்று மேற்குக் கரையைத் தாக்கும். அரை மணி நேரத்துக்கு முன் கண்ணாடி மாதிரி இருந்த கடல், திடீரென்று காற்றும் இடியும் மின்னலுமாக மாறும். ஆகவே இறங்குவதற்கு முன் வானிலைத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். நீந்தப் போகிறவர் அல்ல, படகில் இருப்பவர். நீந்துபவர் மூன்று மாதம் காத்திருந்தவர். அவர் கண்ணுக்கு மேகம் தெரியாது.

படகில் யார் யார் வேண்டும்?

முதலில் கடலைத் தெரிந்த படகோட்டி. உம்பாய், பெர்னு, ஊஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்களுக்கு அந்த நீர் எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது கைரேகை மாதிரி. நீரிணையின் நீரோட்டம் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடுகிறது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறும். அஞ்சோங் பத்துவிலிருந்து புலாவ் பெசார் தீவைப் பாருங்கள். கைக்கு எட்டும் தூரம் போலத் தெரியும், படகில் கால் மணி நேரம்தான். ஆனால் நீந்தும்போது நீரோட்டம் குறுக்கே வருவதால், தீவை நேராகக் குறிவைத்தால் தீவைத் தாண்டிப் பக்கவாட்டில் போய்விடுவீர்கள். எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கிக் குறிவைப்பது என்பதைப் படகோட்டி அங்கிள்தான் சொல்ல வேண்டும். கடல் நீச்சல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, எஞ்சினை எப்போது நியூட்ரலில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். நீந்துபவர் நெருங்கி வரும் ஒவ்வொரு முறையும்.

இரண்டாவது, கண்ணை எடுக்காத ஒருவர். அவருடைய வேலையே பார்ப்பதுதான். ஃபோன் கூடாது. வீடியோ எடுப்பதற்கு வேறு ஆள். மலாக்கா கரையில் தண்ணீர் கலங்கலாக இருக்கும், ஓர் ஆள் மூழ்கினால் ஒரு மீட்டர் ஆழத்திலேயே கண்ணுக்குத் தெரியாது. அதனால் நீந்துபவர் இடுப்பில் கட்டி இழுத்துப் போகும் ஆரஞ்சு நிற மிதவை கட்டாயம். பார்ப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற வேண்டும், கண் களைத்துவிடும்.

மூன்றாவது, சாப்பாட்டு இன்சார்ஜ். கடைசியாக, முதலுதவி தெரிந்தவர். பள்ளியில் புலான் சாபிட் மேராவிலோ செயின்ட் ஜான் ஆம்புலன்சிலோ இருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சீருடை போட்டு வெயிலில் அணிவகுத்ததோடு அந்தப் படிப்பு நின்றுவிட்டது. சிபிஆர் வகுப்பைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீரில் மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும். அவருடைய பிரச்சினையே ஆக்ஸிஜன் இல்லாததுதான்.

அரை மணிக்கு ஒரு மடக்கு

நீண்ட நீச்சலில் பொதுவாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை உணவு. மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்து பலருக்கு ஒத்துக்கொள்ளும், பழகியவர்கள் இன்னும் கொஞ்சம் கூட எடுப்பார்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படகிலிருந்து கயிறு கட்டிய போத்தலை வீசுவார்கள். நீந்துபவர் மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டுப் போத்தலை விட்டுவிடுவார். இழுத்துக்கொள்ளலாம். படகைப் பிடிக்கக் கூடாது, ஆளைத் தொடக் கூடாது. அதிகாரப்பூர்வ நீரிணை நீச்சலில் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. எதிர் நீரோட்டம் 1 நாட், அதாவது மணிக்கு 1.85 கிலோமீட்டர் என்று வையுங்கள். 10 மணி நேர நீச்சலில் சுமார் 20 நிறுத்தம். ஒவ்வொன்றிலும் 3 நிமிடம் கதை பேசினால் மொத்தம் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் கடல் உங்களை ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் பின்னால் தள்ளியிருக்கும். அதையே ஒரு நிமிடத்தில் முடித்தால் 600 மீட்டர் சொச்சம்தான் இழப்பு. அதனால்தான் பழகிய குழுக்கள் வாயைத் திறக்காமல் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள்.

என்ன கொடுப்பது? கடைகளில் கிடைக்கும் ஐசோடோனிக் பானம், மால்டோடெக்ஸ்ட்ரின் மாவு, ஜெல், மசித்த வாழைப்பழம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் மோசமில்லை. முக்கியம், கடலில் கொடுக்கப்போகும் எதையும் முதலில் பயிற்சியில் குடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் உப்புத் தண்ணீர் வாய்க்குள் போன பிறகு நாக்கு வீங்கிவிடும், பிடித்த சுவையே குமட்டும். வாய் கொப்பளிக்க நல்ல தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் கொடுக்காதீர்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீர் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குழப்பம், வாந்தி, முற்றினால் வலிப்பு. வெளியில் பார்ப்பதற்கு அது ‘சூடு ஏறிய’ ஆளைப் போலவே இருக்கும், அதுதான் பிரச்சினை.

"நான் ஓகே" என்றால் நம்பலாமா?

நம்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை சூடேறிய ஆளுக்கும், குளிரில் விறைத்த ஆளுக்கும், சர்க்கரை இறங்கிய ஆளுக்கும் தான் சரியில்லை என்பதே தெரியாது. கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

அதனால் வேறு வழியில் கண்டுபிடிக்க வேண்டும். முதல் கருவி, கை வீச்சு எண்ணிக்கை. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அரை மணிக்கு ஒரு முறை நோட்டில் எழுதுங்கள். முதல் மூன்று மணி நேரம் நிமிடத்துக்கு 64, 63, 64 என்று வந்த ஆள், திடீரென்று 54-க்கு இறங்கினால் அது களைப்பு மட்டும் அல்ல. கை தண்ணீருக்குள் நுழையும் விதம் மாறுகிறதா, இடுப்பு தாழ்கிறதா, நேராகப் போகாமல் படகைவிட்டு விலகி விலகிப் போகிறாரா என்றும் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவதோடு இருமலும் நுரையும் வந்தால் உடனே வெளியே எடுங்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை நீச்சல்காரர்களுக்கு வருவதுண்டு. தண்ணீரைக் குடித்துவிட்டார், சரியாகிவிடும் என்று விடக்கூடிய விஷயம் அல்ல அது.

இரண்டாவது கருவி, கேள்வி. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்.

"தம்பி, வீட்டு நம்பர் என்ன?"

"அண்ணா, சும்மா இருங்கண்ணா."

"வீட்டு நம்பர் சொல்லு, அப்பதான் போத்தல்."

எரிச்சலோடு சரியாகச் சொன்னால் நல்ல அறிகுறி. எரிச்சலும் இல்லாமல், பதிலும் இல்லாமல், சிரித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வெளியே எடுக்கும் முடிவு யாருடையது?

இதைக் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். ஒருவர். ஒரே ஒருவர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. அவர் நீந்துபவரின் அம்மாவாகவோ, காதலராகவோ, ஸ்பான்சராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. பாசமும் பணமும் இந்த முடிவைத் தாமதப்படுத்தும். சிலர் தலைகீழாகச் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள், அதுவும் நடக்கும்.

1925-இல் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடெர்லே ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது, அவருடைய பயிற்சியாளர் அவரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவிட்டார். கை பட்டது, முயற்சி ரத்தானது. தான் நன்றாகத்தான் இருந்தேன் என்று எடெர்லே கோபப்பட்டார். அடுத்த ஆண்டு வேறு பயிற்சியாளரோடு வந்து, கால்வாயைக் கடந்த முதல் பெண் ஆனார். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் வாதாடலாம். என்னைக் கேட்டால், தவறாக எடுத்ததற்காகக் கோபப்பட ஆள் உயிரோடு இருந்தார். அது போதும்.

‘தொட்டால் தகுதி போய்விடும்’ என்ற விதிதான் படகில் இருப்பவர்களைத் தயங்க வைக்கிறது. ஆறு மாதப் பயிற்சி, செலவு, ஃபேஸ்புக்கில் போட்ட அறிவிப்பு எல்லாம் அந்தக் கணத்தில் கண் முன்னால் வரும். அதனால் முன்கூட்டியே எழுதி வையுங்கள். வீச்சு இவ்வளவு இறங்கினால், இரண்டு கேள்விக்குத் தொடர்ந்து பதில் வராவிட்டால், இரண்டு உணவு தொடர்ந்து வாந்தியானால், மின்னல் தெரிந்தால், நீச்சல் முடிந்தது. அப்போது யாரும் யோசிக்க வேண்டியதில்லை, எழுதியதைச் செய்தால் போதும்.

கூட நீந்தும் நண்பர் எதற்கு?

நீரிணை நீச்சலில் இதற்கென்று தனி விதிகளே உண்டு. ஆங்கிலக் கால்வாயில் துணை நீச்சல்காரர் முதல் 3 மணி நேரத்துக்குள் இறங்க முடியாது. ஒரு முறைக்கு 1 மணி நேரம்தான். அடுத்த முறைக்குக் குறைந்தது 2 மணி நேர இடைவெளி. பக்கத்திலோ பின்னாலோ நீந்தலாம், முன்னால் போகக் கூடாது. முன்னால் போனால் அவர் கிழிக்கும் தண்ணீரில் பின்னால் வருபவருக்கு வேலை குறைந்துவிடும்.

இதனால் உடலுக்கு எந்த உதவியும் இல்லை என்று நினைக்கலாம். ஆனால் ஏழாவது மணி நேரத்தில், கரை நகரவே மாட்டேன் என்கிறபோது, மூச்சு எடுக்கத் திரும்பும் ஒவ்வொரு முறையும் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பதற்கு விலை கிடையாது. துணைக்கு இறங்குபவருக்கு ஒரே கட்டளை, அவருடைய வேகத்தில் போங்கள், உங்கள் வேகத்தில் அல்ல. ஃப்ரெஷ்ஷாக இறங்கிய உற்சாகத்தில் இழுத்துக்கொண்டு ஓடி, களைத்த ஆளை இன்னும் களைக்க வைப்பவர்கள் நிறைய.

கயாக்கில் வருபவர், நீந்துபவர் எந்தப் பக்கம் மூச்சு எடுக்கிறாரோ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பெரிய படகு, எஞ்சின் புகை அவர் முகத்துக்கு வராத காற்றுத் திசையில்.

மலாக்காவில் எங்கே இறங்கக் கூடாது?

குளத்தில் பழகியவர் முதன்முதலில் கடலுக்குப் போகிறார் என்றால், தஞ்சோங் பிடாரா, பந்தாய் புத்ரி மாதிரி கரைகளில், கரைக்கு இணையாக, நண்பர் மணலில் நடந்தபடி கூட வர, ஏற்ற வற்று நேரம் பார்த்து நீந்தலாம். மலாக்கா ஆற்று முகத்துவாரப் பக்கம் வேண்டவே வேண்டாம். டுமாய் ஃபெர்ரியும் படகுகளும் போகும் வழி. சுங்கை லிங்கி பக்கம் முதலை உண்டு, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தோட்டத்துக் குட்டை, தேங்கிய நீர் என்றால் ‘கென்சிங் தீக்குஸ்’ எனப்படும் எலிக்காய்ச்சல் ஆபத்து, காலில் சின்னக் காயம் இருந்தாலே போதும்.

ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்டி ஜெல்லிமீன் நம் கடலில் உண்டு. அதற்கு வினிகர்தான் முதல் வேலை. படகில் ஒரு லிட்டர் போத்தல் இருக்கட்டும், சமையலறையில் இருக்கும் சாதா வினிகர் போதும். மூச்சுத் திணறல் வந்தால் நீச்சலை நிறுத்தி 999.

"அப்படியே நீரிணையைக் கடந்து சுமத்ரா பக்கம் போனால்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போர்ட்டிக்சன் பக்கத்தில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான தஞ்சோங் துவான் முனையிலிருந்து எதிர்க் கரையின் ரூபாட் தீவு 40 கிலோமீட்டருக்குள்தான். பாக்கு நீரிணையின் தலைமன்னார்–தனுஷ்கோடி வழியைவிடக் கொஞ்சம் கூட. தூரம் பிரச்சினையே இல்லை. உலகிலேயே மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று குறுக்கே ஓடுகிறது. எண்ணெய்க் கப்பலுக்கு பிரேக் கிடையாது, உங்கள் தலை அவர்களின் ரேடாரில் தெரியவும் தெரியாது. கடல்துறை, கடல்சார் அமலாக்க நிறுவனம், இந்தோனேசியத் தரப்பு, குடிநுழைவு என்று எல்லார் அனுமதியும் வேண்டும். ஆசையை அடக்க வேண்டாம், ஆனால் நண்பரின் சம்பானில் போகிற விஷயம் இல்லை இது.

பயிற்சி எவ்வளவு?

பல பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய கணக்கு, இலக்குத் தூரத்தை ஒரு வாரத்துக்குள் மொத்தமாக நீந்திப் பழகியிருக்க வேண்டும். 10 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் வாரத்துக்கு 10 கிலோமீட்டர், பல மாதம். அதில் வாரக் கடைசியில் ஒரு நீண்ட நீச்சல், சனி ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து. ஆங்கிலக் கால்வாய்க்குப் பதிய, 16 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். நம் கடலுக்கு அப்படிச் சான்றிதழ் இல்லை. ஆனால் அதே தத்துவத்தில் வெயில் நேரத்தில், சூடான நீரில் ஒரு நீண்ட நீச்சலைப் படகுக் குழுவோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கலாம். குழுவோடு என்பதுதான் முக்கியம். பெரிய நாளன்றுதான் போத்தலை முதன்முதலாக வீசுகிறார் என்றால் அது தலையில்தான் விழும்.

கரைக்கு வந்த பிறகு

முடிந்தது என்று கட்டிப்பிடிக்க ஓடாதீர்கள். பல மணி நேரம் படுத்தநிலையில், தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருந்த உடல் அது. திடீரென்று எழுந்து நின்றால் அழுத்தம் நீங்கி, ரத்தம் கால் பக்கம் இறங்கி, அந்த இடத்திலேயே மயங்கி விழலாம். படகுக்குள் ஏற்றுவதாக இருந்தால் முடிந்த அளவு படுத்தநிலையிலேயே தூக்குங்கள். நிழல், படுக்கை, கால் கொஞ்சம் உயரமாக, சின்னச் சின்ன மடக்காகப் பானம். அடுத்த ஒரு மணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாலைக்கும் செல்ஃபிக்கும் அப்புறம் நேரம் இருக்கிறது.

ஒருவேளை இரண்டு மூன்று பேர் சேர்ந்து நீந்தியிருந்தால், தலையை எண்ணுங்கள். இறங்கும் முன் ஒரு முறை, ஏறியதும் ஒரு முறை.

கடைசியாக ஒன்று, யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எட்டு மணி நேரம் எஞ்சின் நியூட்ரலில், அலையில் ஆடும் சின்னப் படகில், டீசல் புகைக்கு நடுவே உட்காருவது நீந்துவதைவிடச் சுலபம் என்று நினைத்துத்தான் எல்லாரும் வருவார்கள். இரண்டாவது மணி நேரத்திலேயே படகில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். குழுவுக்கும் மயக்க மாத்திரை, தொப்பி, சன்ஸ்கிரீன், சாப்பாடு எடுத்துப் போங்கள். தூக்கம் வராத வகை மாத்திரையாகப் பார்த்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.